ஐந்து கோல் தோல்வியை எதைக்கொண்டு அளப்பது?

1971 மார்ச்சில் எவர்ட்டனிடம் கால்செஸ்டர் யுனைடெட்; 2013 பிப்ரவரியில் சுவான்சியிடம் பிராட்ஃபோர்டு சிட்டி; 2017 மார்ச்சில் ஆர்சனலிடம் லிங்கன் சிட்டி; 2021 ஜனவரியில் டாட்டன்ஹாமிடம் மரீன்; 2024 பிப்ரவரியில் கவன்ட்ரியிடம் மெய்ட்ஸ்டோன் யுனைடெட். தோற்ற ஐந்தும் இங்கிலாந்துக் கால்பந்தின் கீழடுக்குக் கழகங்கள். ஐந்தும் கோப்பை ஆட்டங்கள். ஐந்திலும் கோல் கணக்கு ஒன்றுதான்: 0-5. ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில் இப்படித் தோற்றால் பயிற்சியாளரின் வேலை நிலைக்குமா என்று மறுநாளே பேச்சு கிளம்பிவிடும். ஆனால் வெம்ப்ளி மைதானத்தில் சுவான்சியிடம் தோற்ற பிராட்ஃபோர்டின் ரசிகர்கள் கடைசி விசில் ஊதிய பிறகும் கொடியை அசைத்துக்கொண்டே நின்றார்கள். தோற்ற அணிக்கு ஏன் இந்த மரியாதை? அது வெறும் பாசம்தானா, அல்லது அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறதா? கோப்பை ஆட்டம் முடிந்ததும் சிறிய கழகங்களின் ரசிகர்களுக்குள் மூளும் வாக்குவாதம், அணி நன்றாக ஆடியதா இல்லையா என்பதைப் பற்றியது போலத் தோன்றும். உற்றுக் கேட்டால் அவர்கள் பேசுவது ஆட்டத்தை அல்ல, ஆட்டத்தை அளக்க வேண்டிய கோலைப் பற்றி. லீக்கில் அந்த அளவுகோல் தயாராகக் கிடைக்கிறது. கோப்பையில் அதை ரசிகர்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வாக்குவாதம் அத்தனை சூடாக இருப்பதற்கும், அது வீண் பேச்சு அல்ல என்பதற்கும் காரணம் இதுதான்.

லீக்கின் கணக்கு எளிது. பிரீமியர் லீக்கின் 20 கழகங்களுக்குக் கீழே மூன்று பிரிவுகளில் 72 கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பருவத்துக்கு 46 ஆட்டங்கள். எதிரே வருபவர்களும் ஏறத்தாழ அதே வருமானம், அதே அளவு மைதானம், அதே தரத்து ஆட்டக்காரர்கள் கொண்டவர்கள். ஒரு வாரம் நடுவர் ஏமாற்றினாலும், மறுவாரம் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும், மே மாதத்தில் புள்ளிப்பட்டியல் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். கோப்பைக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. 1871-72இல் 15 கழகங்கள் பெயர் கொடுத்துத் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பை லீக்கைவிடப் பதினேழு வயது மூத்தது. இன்று அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட கழகங்கள் சீட்டுக் குலுக்கலில் கோக்கப்படுகின்றன. வேலைக்குப் போய்வந்து மாலையில் பயிற்சி எடுப்பவர்களும் உலகக் கோப்பை வென்றவர்களும் ஒரே பையில் விழுகிறார்கள். லீக் உருவான 1888க்குப் பிறகு லீக்குக்கு வெளியிலிருந்து இக்கோப்பையை வென்ற கழகம் ஒன்றே ஒன்று: 1901இல் டாட்டன்ஹாம். ஆகவே ஒரு சிறிய கழகத்திடம் 'கோப்பையை வென்றாயா' என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதபோது வேறு எதைக் கேட்பது என்பதுதான் சிக்கல்.

முதலில் கைக்கு வருவது முடிவு: வென்றோமா, தோற்றோமா? ஆனால் கால்பந்தில் ஒற்றை ஆட்டத்தின் முடிவைப்போல நம்பத்தகாத சாட்சி அபூர்வம். கோல்கள் அரிதாக விழும் ஆட்டம் இது. அரிதாக நடப்பவற்றில் தற்செயலின் கை ஓங்கியிருக்கும். 1950களிலிருந்து ஆட்டங்களைக் குறிப்பேட்டில் பதிவுசெய்துவந்த சார்லஸ் ரீப், புள்ளியியலாளர் பெர்னார்டு பெஞ்சமினுடன் சேர்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வு, கால்பந்தில் திறமைக்கும் தற்செயலுக்கும் உள்ள பங்கைத்தான் ஆராய்ந்தது. தற்செயலின் பங்கு பெரியது என்பது அதன் முடிவு. பின்னால் வந்தவர்கள் கோல்களின் எண்ணிக்கையைப் பாய்சான் பரவல் என்ற கணித வாய்பாட்டால் கணிக்கத் தொடங்கினார்கள். அந்த வாய்பாட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய அணி சராசரியாக 2.5 கோலும் சிறிய அணி 0.6 கோலும் அடிக்கக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். தரத்தில் நான்கு மடங்குக்கும் மேலான வேறுபாடு. அப்படியும் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ ஏழில் சிறியது வெல்லும். பதினான்கில் சமன் செய்யும். 32 ஆட்டங்கள் நடக்கும் மூன்றாம் சுற்றில் இத்தகைய பொருத்தங்கள் பதினான்கு அமைந்தால், எங்காவது ஒரு அதிர்ச்சி நிகழ்வதற்கான வாய்ப்பு அறுபது விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆண்டுதோறும் ஜனவரியில் செய்தியாகும் 'அதிசயம்' உண்மையில் அடிக்கடி வரும் விருந்தாளி.

2024 ஜனவரி 27 அன்று இப்ஸ்விச்சில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஆறாம் அடுக்கு மெய்ட்ஸ்டோன், இரண்டாம் அடுக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த இப்ஸ்விச் டவுனை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. இப்ஸ்விச் 38 முறை கோலை நோக்கி அடித்தது. மெய்ட்ஸ்டோன் இரண்டே முறை, இரண்டும் வலைக்குள். அடுத்த சுற்றில் கவன்ட்ரியிடம் அதே அணி, அதே பயிற்சியாளர், அதே தடுப்பாட்டத் திட்டம், கிடைத்தது 0-5. முதல் ஆட்டத்தில் வீரர்கள் மேதைகள், இரண்டாவதில் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று முடிவெடுப்பவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பலகையை மட்டும் பார்த்தார். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று நாம் சொல்வோம். அந்தப் பழமொழி யானையின் பக்கம் நின்று பேசுகிறது. சிறிய கழகத்தின் ரசிகனுக்கு வேண்டியது வேறு: யானை தானாகச் சறுக்கியதா, நாம் தரையை வழுக்கலாக்கி வைத்திருந்தோமா? வெற்றி, தோல்வி என்ற சொற்கள் இதற்குப் பதில் சொல்லாது.

கோப்பையில் பெற்றது லீக்கில் வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுமா என்றால், சான்றுகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கின்றன. பிரான்சின் மூன்றாம் அடுக்குக் கழகமான லே எர்பியே 2018 மே 8 அன்று தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பாரிஸ் சாஞ்சர்மானுக்கு எதிராக ஆடி 0-2 என்று தோற்றது. மூன்றே நாளில் லீக்கில் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. 2019 ஜனவரியில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் மூன்றாம் அடுக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. அந்த நிலையிலேயே வெஸ்ட் ஹாமை 4-2 என்று வென்றது. மே மாதத்தில் கோல் வேறுபாட்டில் மட்டும் தப்பிப் பிழைத்தது. 1989இல் லீக்குக்கு வெளியே இருந்த சட்டன் யுனைடெட், இரண்டே ஆண்டுக்கு முன் கோப்பையை வென்றிருந்த கவன்ட்ரியைத் தோற்கடித்தது. அடுத்த சுற்றில் நாரிச்சிடம் 0-8. மறுபக்கம், வெம்ப்ளியில் 0-5 வாங்கிய பிராட்ஃபோர்டு அதே பருவத்தில் நான்காம் அடுக்கில் ஏழாம் இடம் பிடித்து, தகுதிச்சுற்று இறுதியில் நார்தாம்டனை 3-0 என்று வென்று மேலேறியது. அந்த ஆட்டமும் வெம்ப்ளியில்தான். கோப்பை ஓட்டம் லீக்கைக் கெடுக்கும் என்பவர்களுக்கும் ஊக்கும் என்பவர்களுக்கும் ஆளுக்கொரு கைப்பிடி உதாரணம் உண்டு. ஆக, கோப்பை ஆட்டத்தை அணியின் தரத்துக்கான தேர்வாகக் கொள்வது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பிழையே.

தரத்தை அளக்க முடியாத ஆட்டத்தைப் பற்றி ரசிகர்கள் அப்படி என்னதான் வாதிடுகிறார்கள்? 'இன்றைக்கு எப்படி ஆடினோம்?' என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் பொதிந்திருக்கின்றன. நம் கையில் இருந்ததைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்தோமா? நம் ஆட்டத்தை ஆடினோமா, பயந்து ஒடுங்கினோமா? இந்த ஆட்டத்துக்கு இத்தனை உழைப்பைக் கொடுத்தது தகுமா? முதலாவது திறமையைப் பற்றியது, இரண்டாவது தன்மானத்தைப் பற்றியது, மூன்றாவது முன்னுரிமையைப் பற்றியது. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, அடுத்தவர் மூன்றாவதை மனத்தில் வைத்து மறுக்கிறார். இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கோப்பை ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிய பயிற்சியாளரைப் பற்றிய சண்டை இதற்குச் சரியான உதாரணம். லீக்கில் கீழிறங்கும் ஆபத்தில் உள்ள கழகத்துக்கு, முன்னணி வீரர் ஒருவருக்குத் தொடைத்தசை கிழிந்தால் போகப்போவது ஓராண்டு வருமானம். அவரை உட்காரவைத்தது கோழைத்தனமா, குடும்பக் கணக்கா என்பதைக் கோல் எண்ணிக்கை தீர்த்துவைக்காது.

லிங்கன் சிட்டியின் 2016-17 பருவம் இந்த மூன்று கேள்விகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவுகிறது. ஐந்தாம் அடுக்கில் இருந்த அந்தக் கழகம், முன்னாள் உடற்கல்வி ஆசிரியரான டேனி கௌலியின் பொறுப்பில், இப்ஸ்விச்சையும் பிரைட்டனையும் தாண்டி, பிரீமியர் லீக் அணியான பர்ன்லியை அதன் மைதானத்தில் 89ஆம் நிமிடக் கோலால் வென்றது. 1914க்குப் பிறகு லீக்குக்கு வெளியிலிருந்து காலிறுதிக்கு வந்த முதல் கழகம் அதுதான். மார்ச் 11 அன்று ஆர்சனலின் மைதானத்துக்கு ஏறத்தாழ 9,000 லிங்கன் ரசிகர்கள் போயிருந்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன்வரை கணக்கு 0-0. நேதன் ஆர்னால்டு அடித்த பந்தை ஆர்சனலின் பீட்டர் செக் தடுத்திருக்காவிட்டால் லிங்கன் முந்தியே இருக்கும். முதல் பாதி முடியும் தறுவாயில் ஆர்சனலின் வால்காட் அடித்த கோலோடு கோட்டை இளகியது. இரண்டாம் பாதியில் நான்கு. பலகையைப் பார்த்தால் படுதோல்வி. முதல் கேள்விக்கு விடை: நாற்பது நிமிடத்துக்கு மேல் வரிசை கலையாமல் காத்தார்கள், அதற்கு மேல் உடலில் தெம்பில்லை. இரண்டாவதற்கு: வாய்ப்புக் கிடைத்தபோது முன்னேறினார்கள். மூன்றாவதற்கான விடை அன்று யார் கையிலும் இல்லை. சில வாரம் கழித்து வந்தது. லிங்கன் தன் லீக்கை 99 புள்ளிகளோடு வென்று, ஆறாண்டுக்குப் பின் நான்காம் அடுக்குக்குத் திரும்பியது. கைத்தட்டிய 9,000 பேர் தோல்வியைக் கொண்டாடவில்லை. இரண்டு கேள்விகளுக்கு விடையைப் பார்த்துவிட்டு, மூன்றாவதற்குப் பொறுத்திருந்தார்கள்.

மூன்றாவது கேள்வியில் பணமும் அடக்கம். அதைப் பேசக் கூச்சப்படத் தேவையில்லை. 2003இல் லீக்கிலிருந்து வெளியேறிய எக்சிடர் சிட்டியை, கடன் கழுத்தை நெரித்த நிலையில், ரசிகர்களின் அறக்கட்டளையே கையில் எடுத்துக்கொண்டது. 2005 ஜனவரி 8 அன்று அந்தக் கழகம் 67,000 பேர் நிறைந்த ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியது. அன்றைய விதிப்படி சமன் ஆனால் மறு ஆட்டம்; அது எக்சிடரின் சொந்த மைதானத்தில். அங்கே ரொனால்டோவும் ரூனியும் கோல் அடிக்க எக்சிடர் 0-2 என்று தோற்றது. இரண்டு ஆட்டங்களின் நுழைவுச் சீட்டுப் பங்கும் தொலைக்காட்சிப் பணமும் கழகத்தின் கடனைத் தீர்ப்பதில் பெரும்பங்கு ஆற்றின. 2008இல் அது லீக்குக்குத் திரும்பியது. எந்தத் தந்திரப் பலகையிலும் காணாத ஒன்று இதில் இருக்கிறது: அன்று எக்சிடருக்குப் பயனுள்ள முடிவு ஒருவேளை வெற்றிகூட அல்ல, கோலில்லாச் சமன். கடைசிப் பத்து நிமிடம் பந்தைக் கூட்டத்துக்குள் உதைத்துத் தள்ளுவது அசிங்கமான ஆட்டமா, அறிவான ஆட்டமா என்று அந்த ரசிகர்கள் விவாதித்தால், அது வேடிக்கை பார்த்தவர்களின் பேச்சு அல்ல, முதலாளிகளின் பேச்சு.

அளவுகோல் மனத்தில் மட்டும் இல்லை, விதிப்புத்தகத்திலும் இருக்கிறது என்பதை 2024-25 பருவம் காட்டியது. எஃப்.ஏ. கோப்பையின் முறையான முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் நீக்கப்பட்டன. சமன் ஆனால் அன்றே கூடுதல் நேரம், பெனால்டி. 2025 ஜனவரி 12 அன்று ஐந்தாம் அடுக்கு டாம்வொர்த், செயற்கைப் புல் விரித்த தன் சிறிய மைதானத்தில் டாட்டன்ஹாமை 90 நிமிடம் கோலின்றி நிறுத்தியது. டாம்வொர்த்தின் டாம் டாங்க்ஸ் எல்லைக்கோட்டில் பந்தைத் துணியால் துடைத்து, பின்னுக்கு நடந்து, ஓடிவந்து கோல் வாசல்வரை எறிந்தபோதெல்லாம் பெரிய அணி தடுமாறியது. ஓராண்டு முன்பு அதே 0-0, லண்டனில் ஒரு மறு ஆட்டத்தையும் கழகத்தின் ஆண்டு வரவுசெலவையே மாற்றும் பணத்தையும் தந்திருக்கும். புதிய விதியில் தந்தது இன்னும் முப்பது நிமிடமும் டாட்டன்ஹாம் அடித்த மூன்று கோலும். ஆட்டத்தின் தரம் மாறவில்லை. அதன் மதிப்பு மாறிவிட்டது. முடிவே எல்லாம் என்பவர்கள் இதற்கு விளக்கம் தர வேண்டும்: 90 நிமிடத்தில் டாம்வொர்த் செய்தது எக்சிடர் செய்ததைவிட எந்த விதத்தில் குறைவு?

ரசிகர்களே அளவுகோலைச் செய்துகொள்வதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, ரசிகன் அளப்பவன் அல்ல, தன் பக்கத்துக்கு நிறைகல்லைச் சாய்ப்பவன். 1951இல் அமெரிக்காவின் டார்ட்மத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் ஆடிய முரட்டு ஆட்டம் ஒன்றின் படச்சுருளை உளவியலாளர்கள் ஹாஸ்டார்ஃபும் கேன்ட்ரிலும் இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 1954இல் முடிவை வெளியிட்டார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக டார்ட்மத் மாணவர்கள் கண்டதைப்போல் இரு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். படம் ஒன்று, ஆட்டம் இரண்டு. 1976இல் சியால்டினியும் உடன் ஆய்ந்தோரும், தங்கள் பல்கலைக்கழகம் வென்றால் மாணவர்கள் 'நாங்கள் வென்றோம்' என்றும் தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்' என்றும் பேசும் போக்கைப் பதிவுசெய்தார்கள். இவை இரண்டும் உண்மை. ஆனால் இந்த ஆய்வுகள் காட்டுவது இரு அணிகளின் ஆதரவாளர்களுக்கு இடையே உள்ள சாய்வு. இங்கே நாம் பேசுவது ஒரே அணியின் ஆதரவாளர்களுக்குள் நடக்கும் வழக்கு. அங்கே எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தவர்கள். சாய்வு எல்லோருக்கும் பொதுவானபோது அவர்களைப் பிரிப்பது சாய்வாக இருக்க முடியாது. தங்கள் இடது தடுப்பாளர் மூன்றாவது கோலுக்கு எங்கே நின்றிருந்தார் என்பதை அவர்களைவிடக் கடுமையாகப் பார்ப்பவர் யாரும் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் அளவுகோல் அளவுகோலே அல்ல. அது தோல்விக்குப் போடும் சால்வை. 'வீரத்தோடு தோற்றோம்' என்று சொல்லிப் பழகிய கழகம் தோற்கவே பழகிவிடும். இந்த ஆபத்து கற்பனை அல்ல. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு ஆபத்து இருக்கிறது. 1988இல் பேரனும் ஹெர்ஷியும் செய்த ஆய்வில், மருத்துவர் ஒருவரின் ஒரே முடிவை, நோயாளி பிழைத்தால் நல்ல முடிவென்றும் இறந்தால் மோசமான முடிவென்றும் மதிப்பிடும் சாய்வு வெளிப்பட்டது. விளைவை வைத்து முடிவெடுத்தவரை நிறுக்கும் இந்தப் பழக்கம் தற்செயல் மிகுந்த இடங்களில் அநியாயமாகிவிடும். கோப்பை ஆட்டம் அத்தகைய இடம். சால்வைக்கும் அளவுகோலுக்கும் வேறுபாடு காண எளிய வழி உண்டு: எதை வைத்து அளப்போம் என்பது ஆட்டத்துக்கு முன்பே சொல்லப்பட்டதா? முழுப் பலத்தோடு இறங்கி, கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நிலைப் பந்துகளில் கோல் தேடுவோம் என்று அறிவித்துவிட்டு 0-5 வாங்கிய அணியை ஒரு விதமாகவும், தோற்ற பிறகு 'எங்கள் கவனம் லீக்கில்தான்' என்று கண்டுபிடித்த அணியை வேறு விதமாகவும் நடத்தலாம். நல்ல ரசிகர் கூட்டம் இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடும். அதைப் பிடிப்பதற்குத்தான் அந்த வாக்குவாதமே.

மூன்றாவதாக, ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து அடிக்கப்பட்டது, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் புள்ளிவிவரங்கள் வந்துவிட்டன. இனி வாதம் எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கணக்கு பயனுள்ளது. இப்ஸ்விச்சின் 38 ஷாட்டுகளைப் பார்த்துதான் நாமும் மேலே ஒரு முடிவுக்கு வந்தோம். எனினும் அது பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும். 38 ஷாட்டுகளை எதிர்கொள்வது என்று தெரிந்தே தேர்ந்துகொண்ட திட்டம், திட்டமே இல்லாமல் வாங்கிய 38 ஷாட்டுகளிலிருந்து வேறானது. எண்ணில் இரண்டும் ஒன்று. கோல்காப்பாளரைக் காக்க ஐந்து பேரைப் பின்னால் நிறுத்துவது நம் கழகத்தின் குணத்துக்கு ஒத்ததா என்பதையோ, மறுநாள் தொழிற்சாலைக்குப் போக வேண்டியவரைக் கூடுதல் நேரம் ஓடவைத்தது நியாயமா என்பதையோ எந்த அட்டவணையும் நிரப்பாது. எண் வாதத்துக்கு முடிவுரை அல்ல, முகவுரை.

மேலே சொன்ன ஐந்து தோல்விகளை இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தால் அவை ஒன்றுபோல் தெரியாது. எட்டாம் அடுக்கு மரீன், 161 இடங்கள் மேலே இருந்த டாட்டன்ஹாமுக்கு எதிராக முதலில் பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தது. ஊரடங்கால் உள்ளே வர முடியாத ஆட்டத்துக்கு 30,000க்கும் மேற்பட்டோர் பத்துப் பவுண்ட் கொடுத்து, உட்கார இருக்கை இல்லாத சீட்டு வாங்கினார்கள். பிராட்ஃபோர்டு தன் கோல்காப்பாளரைச் சிவப்பு அட்டைக்கு இழந்து பத்துப் பேரோடு ஆட்டத்தை முடித்தது. கால்செஸ்டர் முந்தின சுற்றில் லீட்ஸை 3-2 என்று சாய்த்துவிட்டு வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்கதை, ஒரு செலவுக் கணக்கு. கோல் பலகையில் இவற்றுக்கு இடமில்லை. ரசிகர்களின் நினைவில்தான் இடம். 1972இல் நியூகாசிலை வீழ்த்திய ஹியர்ஃபோர்டு யுனைடெட், ரானி ராட்ஃபோர்டு சேற்றிலிருந்து அடித்த அந்தக் கோலைத் தொலைக்காட்சி இன்றும் காட்டிக்கொண்டிருக்க, 2014 டிசம்பரில் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. ரசிகர்கள் அதே எட்கர் தெரு மைதானத்தில் புதிய கழகத்தை ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடங்கினார்கள். முதல் பருவத்திலேயே லீக்கை வென்றார்கள். கீழடுக்குக் கழகங்களுக்கான எஃப்.ஏ. வேஸ் கோப்பையின் இறுதிக்கு 2016 மே மாதம் வெம்ப்ளிக்குப் போனார்கள். மோர்பெத் டவுனிடம் 1-4 என்று தோற்றார்கள். அன்று தடுப்பு வரிசை ஏன் சிதறியது என்று வாதிட அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன் வாதிடுவதற்கு ஒரு கழகமே இல்லாமல் போயிருந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.